வைத்தியர் பதிவும் வினாப் பயிற்சியும்

கேகாலையிலிருந்து புலத்கொஹுபிட்டிய வழியாக இறங்கிவரும் வீதி, அவிசாவளையிலிருந்து அட்டனை நோக்கி மலையேறும் பெருவீதியோடு கலக்கும் இடத்தில் இருப்பது கரவனெல்ல. அருகே களனி கங்கை. சுற்றிலும் றப்பர் மரங்கள் நிழல் செய்யும் குன்றுகள். அங்குள்ள ஆதார வைத்தியசாலைக்குத் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். மழைக்காலத்துக் காலைப்பொழுதொன்றில், பால்வெட்டச் சென்ற பெண்ணொருத்தி, காலிலே பாம்பு தீண்டி, முச்சக்கர வண்டியில் அத்தகைய வைத்தியசாலை ஒன்றின் வாசலுக்கு வந்து சேர்வதாக நேயர்கள் எண்ணிக்கொள்ளலாம். அவளுடைய கணவன் கையிலுள்ள பையில் அடித்துக் கொல்லப்பட்ட பாம்பு கிடக்கின்றது. "விரியன் ஐயா, விரியன்தான் கடிச்சது" என்கின்றான் அவன். கடமையிலிருக்கும் இளம் வைத்தியர் பைக்குள் பார்க்கின்றார். அடுத்த சில நிமிடங்களுக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

அந்த இளம் வைத்தியர் அங்கே நிற்பதற்கு உரிமை பெற்றது எவ்வாறு?

தோட்டப் பகுதிகளில் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் வந்த பின்னரும், தொழிலாளிக்குக் கிட்டிய வைத்தியம் பெரும்பாலும் தோட்டத்து மருந்துச்சாலையோடு நின்றுவிட்டது. அங்கிருந்த மருந்தாளரையே மக்கள் "டொக்டர் ஐயா" என்று அழைத்தனர். அவர்களுள் பலர் அனுபவம் மிக்கவர்கள், அன்பு மிக்கவர்கள். எனினும் பதிவுபெற்ற வைத்தியர்கள் அல்லர். வைத்தியர் என்ற பெயருக்கும் வைத்தியர் என்ற தகுதிக்கும் நடுவே சட்டம் ஒரு கோடு கிழித்துள்ளது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டப்படி, இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயர் இடம்பெற வேண்டும்.

வெளிநாட்டில் மருத்துவம் பயின்று திரும்பும் இலங்கையர் அப்பதிவேட்டுக்குள் நுழைய, மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் தேறவேண்டும். பிறகே உள்ளகப் பயிற்சி. எழுத்து வினாக்களும் உண்டு; நோயாளரை நேரில் ஆராயும் செய்முறைச் சோதனையும் உண்டு. சபரகமுவ மாகாணத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்பைத் தமிழ்மொழி மூலம் நடத்தும் பாடசாலைகள் மிகச் சிலவே. அத்தகைய பாடசாலை ஒன்றிலே படித்து, உள்நாட்டுப் பல்கலைக்கழக இடம் மயிரிழையில் தவறி, குடும்பமே கடன்பட்டு அனுப்பி வைக்க, வெளிநாட்டிலே பட்டம்பெற்றுத் திரும்பும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு இப்பரீட்சை எத்துணைப் பாரமானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மற்ற நாடுகளிலும் இத்தகைய வாயில்கள் உள்ளன. வெளிநாட்டில் படித்த இந்தியருக்காக இந்தியாவில் 2002 முதல் நடக்கும் தேர்வில் 300 வினாக்கள். 150 பெற்றால் தேர்ச்சி. பிரித்தானியாவில் பணிபுரிய விரும்பும் வெளிநாட்டு வைத்தியருக்குரிய ‘பிளாப்’ தேர்வின் முதற் பகுதியில் 180 வினாக்கள். நேரம் மூன்று மணி. இவற்றுக்கு ஆயத்தம் செய்வோர் இன்று தடித்த நூல்களை மட்டும் நம்பியிருப்பதில்லை. கைத்தொலைபேசியிலோ கணினியிலோ வினா வங்கி ஒன்றைத் திறந்து, நாள்தோறும் நாற்பது வினா, ஐம்பது வினா என்று விடையளித்து வருகின்றனர். அவ்வங்கிகளுள் ஒரு வகையே இங்கு ஆராயத்தக்கது: மாணவன் தரும் விடைக்கேற்ப, அடுத்த வினாவைத் தானே தெரிந்தெடுத்துத் தரும் வகை.

இது புதுமைபோலத் தோன்றினும் இதன் வேர் பழையது. 1905ஆம் ஆண்டு பிரான்சிலே அல்பிரட் பினே என்னும் அறிஞர், சிறுவர்களின் அறிவாற்றலை அளக்க வினாத் தொகுதியொன்றை அமைத்தார். எல்லாச் சிறுவரிடமும் எல்லா வினாக்களையும் கேட்பது வீண் என்பதை அவ்வழி வந்தோர் உணர்ந்தனர். ஒரு படியிலே தொடங்க வேண்டும். சரியாகச் சொன்னால் மேற்படிக்குச் செல்ல வேண்டும். தடுமாறினால் கீழிறங்க வேண்டும். நல்ல ஆசிரியர் எவரும் வகுப்பிலே இயல்பாகச் செய்வதும் இதுவே. பின்னர், டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் கேயோர்க் ராஷ் 1960இல் வெளியிட்ட நூலும், அமெரிக்காவில் பிரெடரிக் லோர்ட் செய்த ஆய்வுகளும் இதற்குக் கணித உருவம் கொடுத்தன.

அக்கணிதத்தின் சாரத்தைச் சூத்திரமின்றியே சொல்லிவிடலாம். வினாவின் கடுமையும் மாணவனின் ஆற்றலும் ஒரே அளவுகோலில் குறிக்கப்படுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சரியாகச் சொல்லும் வினாவை ஒருவனிடம் கேட்டு, அவனும் சரியாகச் சொன்னால், அவனைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது. எவருமே விடையளிக்க இயலாத வினாவும் அவ்வாறே பயனற்றது. அவன் சரியாகச் சொல்வானோ, தவறாகச் சொல்வானோ என்று சமமான ஐயம் நிலவும் வினாவே அவனைப் பற்றி மிகுதியாகத் தெரிவிக்கும். ஆதலின் யந்திரம் ஒவ்வொரு விடைக்குப் பின்னும் மாணவனின் ஆற்றலைத் திருத்தி மதிப்பிட்டு, அம்மதிப்பீட்டுக்கு அண்மையிலுள்ள வினாவைத் தேடி எடுக்கின்றது. தாதியர் பதிவுக்காக அமெரிக்காவில் நடைபெறும் ‘என்கிளெக்ஸ்’ பரீட்சை 1994 முதல் இம்முறையிலேயே இயங்குகின்றது. ஒருவருக்கு 85 வினாக்களோடு முடிந்துவிடலாம்; மற்றொருவருக்கு 150 வரை நீளலாம். தேர்ச்சி எல்லைக்கு மேலா, கீழா என்பது போதிய உறுதியோடு தெரிந்தவுடன் யந்திரம் நின்றுவிடும்.

ஆனால் மேலே சொன்ன ‘பிளாப்’ முதற் பகுதியும் இந்தியத் தேர்வும் அவ்வாறு இயங்குவன அல்ல. அங்கே வினாக்களின் எண்ணிக்கையும் தேறும் மட்டமும் விடைக்கேற்ப மாறுவதில்லை. பயிற்சி வளைந்து கொடுக்கின்றது. பரீட்சை வளைந்து கொடுப்பதில்லை. இவ்வேறுபாட்டை மறந்தவர் இரு வகையில் ஏமாறுவர். விடைக்கேற்ப மாறும் பயிற்சி, இயல்பாகவே, வல்லவனையும் பாதிக்குப் பாதி தவறும் இடத்துக்கு இழுத்துச் செல்லும். ஏனெனில் அவன் ஏற ஏற வினாவும் ஏறுகின்றது. ஆறு வாரம் உழைத்தும் தனது எண் நூற்றுக்கு ஐம்பத்தைந்திலேயே நிற்பதைக் கண்டு, நன்கு படித்த மாணவி ஒருத்தி மனமொடிந்து போகலாம். அதே ஐம்பத்தைந்தை எளிய வினாக்களின் நடுவே பெற்ற மற்றொருவன், இந்தியத் தேர்வுக்கு 150 போதுமே என்று நிம்மதி கொள்ளலாம். எண் ஒன்றுதான், பொருள் வேறு. பயிற்சிக் காலத்தில் மாதத்துக்கொரு தடவையேனும், வளைந்துகொடுக்காத முழு வினாத்தாள் ஒன்றை, மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பதே இதற்கு மாற்று.

அளப்பது வேறு, கற்பது வேறு என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அளப்பதற்காகத் தோன்றிய முறை கற்பதற்கும் உதவுவதன் காரணம் மனித ஞாபகத்தின் இயல்பிலே இருக்கின்றது. 1885இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து, மறதி எவ்வளவு விரைவாக வருகின்றது என்று கணக்கிட்டார். முதல் நாளிலே பெருவெள்ளம்போல் வடிந்து, பின்னர் மெல்ல மெல்லக் கசிவது மறதியின் போக்கு. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. மாணவர் ஒரு பகுதியைப் படித்தனர். பிறகு சில வேளைகளில் அதையே மறுபடி படித்தனர். வேறு சில வேளைகளில் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்ததே மேலாக இருந்தது. நூற்றுக்கு 81, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று. மறுபடி படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. திரும்பத் திரும்பப் படிப்பவனுக்குத் தெரிந்துவிட்டது என்ற உணர்வு உண்டாகின்றது. அவ்வுணர்வு உண்மையானதுதான், ஆனால் பரீட்சை நாள்வரை அது தங்குவதில்லை.

மறக்கவிருக்கும் தறுவாயிலே மறுபடி கேட்பதற்கு யந்திரமும் தேவையில்லை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் ஒரு பெட்டியை விவரித்தார். பெட்டிக்குள் ஐந்து அறைகள். அட்டையின் முன்புறம் வினா, பின்புறம் விடை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும். தவறிய அட்டை எங்கிருந்தாலும் முதலறைக்கே திரும்பிவிடும். முதலறையை நாள்தோறும் பார்ப்பது, பின்னறைகளை வரவரத் தாமதித்துப் பார்ப்பது. 2006இல் தோன்றி, மருத்துவ மாணவரிடையே உலகெங்கும் பரவியுள்ள ‘அன்கி’ முதலிய கணினி ஏற்பாடுகள் இப்பெட்டியின் பேரப்பிள்ளைகளே. மின்னொளி மங்கலான லயத்து அறையிலும், மழைக்கு இணையத் தொடர்பு அறுந்துபோகும் மலைச்சரிவிலும், சப்பாத்துப் பெட்டியும் வெட்டிய அட்டைகளும் குறைவின்றி வேலை செய்யும்.

பழகிய வினா வங்கியில் ஒரு பொறியும் இருக்கின்றது. ஒரு வினாவை நான்காம் முறை காணும்போது, மாணவன் நோயை அறிவதில்லை, வினாவை அறிந்துகொள்கின்றான். முதல் வரியிலே "ஐம்பத்திரண்டு வயது லொறிச் சாரதி" என்று கண்டதுமே கை மூன்றாவது விடைக்குப் போய்விடுகின்றது. யந்திரம் அதைத் தேர்ச்சி என்று எழுதிக்கொள்கின்றது. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் தன் விடையைச் சொல்லிப் பார்ப்பதும், பிற விடைகள் ஏன் பொருந்தா என்பதற்கு ஒவ்வொரு காரணம் கூறுவதும் இதற்குரிய பரிகாரங்கள். இலங்கை மருத்துவக் கல்வியில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு வினாவகை, ஒரு தலைப்பின் கீழ் ஐந்து கூற்றுகளைத் தந்து, ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று கேட்கும். ஐந்தையும் தனித்தனியே அறிந்தவனே அதிலே தப்புவான். அமெரிக்க வங்கிகளில் மட்டும் பயின்றவர், ஐந்தில் ஒன்றைத் தெரிவு செய்யப் பழகியிருப்பர். ஐந்தையும் தீர்ப்பளிக்கப் பழகியிருக்கமாட்டார்கள்.

இதனினும் ஆழமான குறையொன்று உண்டு. மாணவனின் பலவீனத்தை யந்திரம் கண்டுபிடிக்கின்றது என்கின்றனர். அது கண்டுபிடிப்பது, தன்னிடமுள்ள வினாக்களைப் பற்றிய பலவீனத்தை மட்டுமே. வங்கியில் இல்லாத வினாவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மாணவனும் தனக்கு அது தெரியாது என்பதை அறியமாட்டான். வட அமெரிக்க மருத்துவமனைகளை நினைந்து ஆக்கிய வங்கியிலே, உண்ணிகளால் வரும் ‘லைம்’ நோய் பலமுறை வரும். கரவனெல்லப் பக்கத்துச் சருகுகளுக்குள் கிடப்பது அதில் வருவது அரிது.

இப்போது வைத்தியசாலை வாசலிலே விட்டுவந்த பெண்ணிடம் திரும்பலாம்.

"விரியன்" என்று கணவன் சொன்னான். தமிழிலே அச்சொல் ஒன்றுக்கு மேற்பட்ட பாம்புகளைக் குறிக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் தாக்கும். கட்டு விரியனோ, பெயரால் விரியனேயன்றி, இனத்தால் விரியன் அன்று. நாகத்தின் உறவு அது. தரையிலே படுத்துறங்குவோரை இரவில் தீண்டும். கடிவாயில் வலியும் வீக்கமும் அநேகமாக இரா. சில மணி நேரத்தில் இமைகள் சரியத் தொடங்கி, மூச்சே தளர்ந்துவிடும். ஆங்கில நூலிலே இவ்விரண்டுக்கும் தொடர்பற்ற இரு பெயர்கள் உள்ளன. ஆதலால் அங்கே குழப்பமில்லை. தமிழ் பேசும் நோயாளியின் வாயிலே இரண்டும் விரியன். இந்த ஒரு சொல்லைப் பற்றிய வினாவை எந்த வெளிநாட்டு வங்கியும் கேட்கப்போவதில்லை.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ஈரவலயத்துத் தோட்டங்களில், உதிர்ந்த இலைகளோடு இலையாகக் கிடக்கும் சிறிய பாம்பு அது; முழம் நீளமே இருக்கும்; முக்கோணத் தலை; மூக்குநுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். இதுவும் விரியன் குலமே. இதன் கடியால் வலியும் வீக்கமும் கொப்புளமும் தோன்றும்; பெரும்பாலோர் குணமடைவர்; சிலருக்குச் சிறுநீரகம் செயலிழப்பதுண்டு, இரத்தம் உறையாமற் போவதுமுண்டு. இலங்கையில் வழங்கும் நச்சுமுறி மருந்து இந்தியாவிலே தயாராவது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கு எதிராக ஆக்கப்பட்டது. மூக்கு நிமிர்ந்த இச்சிறு விரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. பயனில்லை என்பதோடு நின்றுவிடாது; அம்மருந்து குதிரையின் குருதிநீரிலிருந்து வருவதாதலால், கொடிய ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கே ஊறு செய்யக்கூடும்.

ஆகவே பைக்குள் கிடப்பது கண்ணாடி விரியனாயின், நஞ்சு உடலிற் பரவியதன் அறிகுறி கண்டவுடன் நச்சுமுறியைத் தாமதியாது ஏற்ற வேண்டும். சிறு விரியனாயின் ஏற்றலாகாது. வலிக்கும் புண்ணுக்கும் பரிகாரம் செய்து, சிறுநீரின் அளவையும் இரத்தத்தையும் கவனித்திருக்க வேண்டும். இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசையாது வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஆனால் சிறு விரியனின் கடியிலும் இரத்தம் உறையாமற் போகலாமாதலால், சோதனையை மட்டும் நம்பியவர் வழி தவறுவார். பாம்பின் தலையையும் பார்க்கத்தான் வேண்டும். நச்சுமுறி ஏற்றுவதற்குச் சற்று முன்னர் அட்ரினலின் மருந்தைச் சிறிய அளவில் தோலின்கீழ்ச் செலுத்தினால் கொடிய ஒவ்வாமை குறைகின்றது என்பது, இலங்கையிலேயே நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வின் முடிவு. இவையெல்லாம் உள்நாட்டு வழிகாட்டிகளிலும் வைத்தியசாலை விடுதிகளிலும் உள்ள அறிவு.

எலிக்காய்ச்சலும் இத்தகையதே. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் வயற் சேற்றிலும் மாணிக்கக் குழிகளிலும் நிற்போரை அது அடிக்கடி பற்றுகின்றது. காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத வலி, சிவந்த கண், குறைந்த சிறுநீர் ஆகியவற்றைக் கண்டவுடனே இங்குள்ள வைத்தியர் மனத்தில் அந்நோய் எழவேண்டும். வெளிநாட்டு வங்கியில் அது ஏதோ ஓரத்திலே, ஓடையில் நீந்தப் போன உல்லாசப் பயணியின் கதையாக ஒருமுறை வந்து மறைந்துவிடும். மலேரியாவோ இதற்கு மறுதலை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட அக்காய்ச்சல், கேகாலை மாவட்டத்தைச் சூறையாடிற்று. அப்போது நிவாரணப் பணி செய்த கலாநிதி என். எம். பெரேரா, 1936இல் ருவன்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. இன்று இங்கே கேட்கத்தக்க வினா, "அண்மையில் வெளிநாடு சென்று வந்தீரா?" என்பதாகும். பழைய வங்கி பழைய வினாவையே கேட்டுக்கொண்டிருக்கும்.

வினா வங்கியிலே நோயாளி பேசுவதில்லை; அவருடைய வரலாறு ஒழுங்காக எழுதப்பட்டு, தேவையான எண்கள் அனைத்தும் நிரப்பப்பட்டு வந்துவிடுகின்றது. செய்முறைச் சோதனையிலும் விடுதியிலும் அவ்வரலாற்றைக் கேட்டுப் பெறவேண்டியவர் வைத்தியரே. "மேலெல்லாம் ஒரே ஒளைச்சல், காலு எழும்ப மாட்டேங்குது" என்பதிலிருந்து கெண்டைக்கால் வலியைப் பிரித்தெடுப்பது ஒரு கல்வி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கற்ற வைத்தியர் தம் ஊராரிடையே அவர்கள் மொழியிலேயே தொழில் செய்யவேண்டும் என்பது அவர் கருத்து. பதிவுப் பரீட்சை இன்று ஆங்கிலத்தில் நடப்பினும், தோட்டத்திலிருந்து சென்ற பிள்ளைக்கு இவ்விடத்தில் ஓர் அனுகூலம் உண்டு. அந்தப் பேச்சு அவருக்குத் தாய்வீட்டுப் பேச்சு.

ஆகையால் பதிவுப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் ஒருவர், யந்திரத்தின் வினாக்களை அது இட்ட வரிசையிலேயே காலையிற் செய்துவிட்டு, மாலையில் தாமே வினா எழுதுவது நன்று. அறிமுகமான வைத்தியரிடம் கேட்டறிந்தது, உள்நாட்டு வழிகாட்டியிற் படித்தது, நண்பர் இருவர் ஒருவரையொருவர் கேட்டு மடக்கியது ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அட்டை. முன்புறத்தில்: பால்வெட்டும் பெண், வயது முப்பத்து நான்கு, காலில் கடி, முழ நீளப் பாம்பு, மூக்குநுனி நிமிர்ந்தது, பின்வரும் ஐந்து கூற்றுகளும் சரியா, பிழையா? பின்புறத்தில் ஐந்துக்கும் விடை, காரணத்தோடு. தவறினால் அது மறுநாளைக்கு முதலறையிலே காத்திருக்கும்.